கடைசி வாங்கிலிருந்து வந்த குரல்

இஞ்சாருங்கோ,

நேற்று நல்லூர்ப் பக்கம் போனபோது, இருமலுக்கென்று சித்தரத்தை வாங்கினேன். கடைக்காரர் ஒரு துண்டை முறித்து மணந்து பார்க்கத் தந்தார். அவ்வளவுதான், கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். "என்னம்மா, காரம் ஏறிட்டுதே?" என்று அந்த மனிதர் பதறிப்போனார். அவருக்கு என்னத்தைச் சொல்ல? ஞாயிறுதோறும் கோயில் ஆராதனையில் என் கழுத்தடிக்கு வரும் மணம் அது. சித்தரத்தையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே அடிக்குரலில் பேஸ் பாட உங்களால் மட்டும்தான் முடிந்தது.

மற்றக் கோயில்களில் பாடகர் குழுத் தலைவர்கள் முன்னால் நின்று இரண்டு கையையும் வீசுவார்கள். உங்களுக்கு அதெல்லாம் இல்லை. பேஸ் பாடும் ஆண்களின் வரிசை நுனியில், எங்கள் பக்கம் பாதி திரும்பி நிற்பீர்கள். உங்கள் புருவம் மேலே போனால் பாட்டுத் தொடங்கும், இறங்கினால் நிற்கும். பெண்களில் கீழ்க்குரல்காரரின் அல்டோ வரிசையில், உங்களுக்கு நேர் முன்னால் எனக்கு இடம்; புருவத்தைப் பார்க்க மட்டும் கழுத்தைத் திருப்புவேன். கலியாணத்துக்கு முதலே அந்த இடம் என்னுடையது என்பதை மறந்துவிடாதேயுங்கோ.

பக்கத்து வளவில் குண்டு விழுந்த நாளிலிருந்து உங்கள் இடது காது மந்தமாகிப் போனது. பெண்களின் சுருதி இறங்குவது தெரியவில்லை, இனிக் குழுவை வேறு யாரும் நடத்தட்டும் என்று நீங்களே போதகரிடம் போய்ச் சொன்னீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீவுப்பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஜெயமணி ரீச்சருக்கு அந்தப் பொறுப்பு போனது. கேள்விப்பட்ட அன்று நான் சட்டிபானையோடு சண்டை போட்டேன்.

"வந்து ரெண்டு மாதமாகேல்லை, அதுக்குள்ளை எங்கடை பாட்டுக் குவயரைத் தூக்கிக் குடுத்திட்டியளே!"

"குவயர் என்ன எங்கடை காணியே, எழுதிக் குடுக்கிறதுக்கு? அவவுக்கு ரெண்டு காதும் நல்லாய்க் கேக்குது. நீர் சும்மா இரும்."

நான் எங்கே சும்மா இருந்தேன்?

ரீச்சர் பாட்டு நடத்திய முதல் ஞாயிறை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாவம், ரீச்சர் முன்னால் நின்று கையைத் தூக்கினா. ஒரு சத்தமும் இல்லை. குழு முழுவதும் பழக்கதோஷத்தில் உங்கள் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீங்களோ பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். கடைசியில், என்ன, ஒரு சத்தம் அசுமாத்தத்தையும் காணவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தீர்கள். புருவம் உயர்ந்தது. உடனே எல்லோரும் பிடித்தோம் பாட்டை! ரீச்சரின் கை அந்தரத்திலேயே நின்றது. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அடுத்த கிழமை நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றீர்கள். நாங்கள் உங்கள் நெஞ்சைப் பார்த்தோம். நீங்கள் மூச்சை இழுத்ததும் தொடங்கிவிட்டோம். உங்களைக் கவனித்த அளவுக்குப் பாட்டைக் கவனித்திருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்!

அன்று பின்னேரமே ரீச்சர் பாட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தா. பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தா.

"அண்ணை, எனக்குச் சரிவராது. வீடு வாசலை விட்டிட்டு வந்த எனக்கு இது ஒண்டுதான் ஆறுதலாய் இருந்தது. ஆனால் அவையள் என்னைப் பாக்கினமில்லை. நீங்களே திரும்ப எடுங்கோ."

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். நீங்கள் புத்தகத்தை வாங்குவீர்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கவில்லை.

"ரீச்சர், அவையளை உங்களைப் பாக்கப் பண்ணவேண்டியது என்ரை வேலை. உயிர்த்த ஞாயிறு மட்டும் பொறுங்கோ."

அந்த வேலையை இப்படிச் செய்வீர்கள் என்று யார் கண்டது? அடுத்த ஞாயிறு உங்கள் இடம் வெறுமையாய்க் கிடந்தது. தேடிப் பார்த்தேன். கோயிலின் கடைசி வாங்கில், தூணுக்குப் பின்னால், முழங்காலும் சப்பாத்தும் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தீர்கள். அன்று ரீச்சரின் கையைத் தவிர எங்களுக்குப் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் வெடித்தேன்.

"உங்களுக்கு விசரே? குவயரிலை நிக்காமல் உங்களாலை இருக்கேலுமே?"

"ஏலாதுதான்." சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டீர்கள். "நான் பாடாட்டில் பாட்டு நிக்காது. நான் அங்கை நிண்டால்தான் நிண்டுபோகும்."

பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டீர்கள். குளிக்கும்போது பாடுகிற மனிதர் நீங்கள். அன்று வாளிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு வந்த கோபமெல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது.

தவக்காலம் முழுவதும் என் முதுகு குளிர்ந்துபோய்த்தான் பாடினேன். உங்கள் குரலில் சாய்ந்துகொண்டு பாடிப் பழகியவள் நான். ஆனால், சொல்லத்தான் வேண்டும், குழு தேறிக்கொண்டு வந்தது. ரீச்சர் மெதுவாகப் பாடவைத்தா. நாங்கள் அவசரத்தில் விழுங்கிய சொற்களெல்லாம் வெளியே வந்தன. ஒத்திகையில் யாராவது ஒரு சுரம் பிசகினாலும் டக்கென்று நிறுத்தி, திரும்பத் தொடங்குவா. போகப்போக அவவின் பகிடிக்குச் சிரிக்கவும் தொடங்கிவிட்டோம், நான் உட்பட.

உயிர்த்த ஞாயிறன்று ரீச்சர் கையைத் தூக்கினா. எல்லோரும் ஒன்றாய், ஒரே மூச்சில் பிடித்தோம். இரண்டாம் அடியில் சபையும் சேர்ந்து எழும்பிப் பாடியது. அப்போதுதான் கேட்டது. கடைசி வாங்கிலிருந்து, தூணுக்குப் பின்னாலிருந்து, அத்தனை தலைகளுக்கும் மேலால் உங்கள் பேஸ். எத்தனையோ வருசம் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலை அன்றுதான் முகத்துக்கு நேரே கேட்டேன். இவ்வளவு வடிவான குரலோடா இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன் என்று திகைத்து என் அடியைக் கோட்டை விட்டேன். ரீச்சர் கண்ணாலேயே என்னை வெருட்டினா.

அதற்குப் பிறகும் குழுவுக்குத் திரும்பி வரமாட்டேன் என்றுவிட்டீர்கள். அந்தத் தூணடிதான் உங்களுக்கு நிரந்தரமானது.

பிறகு சண்டை ஊருக்குக் கிட்ட வர, எல்லோரும் மழைக்குள் ஊரைவிட்டு நடந்தோம். சாவகச்சேரியில், யாரோ தந்த அறையில், காய்ச்சலோடு படுத்த நீங்கள் எழும்பவில்லை. அடக்கத்துக்குக் குழுவில் மூன்று நான்கு பெண்கள்தான் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் எங்கெங்கே சிதறினார்களோ தெரியாது. ரீச்சர் எங்கேயோ இரவல் வாங்கிய சைக்கிளில் சேறும் சகதியுமாய் வந்திறங்கினா. "அக்கா, அந்த உயிர்ப்புப் பாட்டைப் பாடுவமே?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

அவ கையைத் தூக்கினா. அல்டோ பாடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது உங்கள் பேஸ். நான் ஒருநாளும் படிக்காத வரி. என் குரல் அவ்வளவு கீழே போகாது, அதனால் மேல் ஸ்தாயியில் அது தானாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சுரம் பிசகினேன். ரீச்சர் நிறுத்துவா என்று நினைத்தேன். அவ நிறுத்தவில்லை. பேஸ்காரருக்குக் காட்டுகிற இடது கையை என் பக்கம் திருப்பி, கடைசி வரைக்கும் எனக்குக் காட்டிக்கொண்டு நின்றா.

என் அல்டோ வரி எனக்கு மறந்துபோய்விட்டது. நான் இப்போது பாடுவது உங்களுடையதைத்தான்.