உங்கள் பெஞ்சுக்கு வராதவன்

பாவா அவர்களுக்கு,

நம் கால்பந்து கிளப்பின் முதல் அணிக்குப் பயிற்சியாளர் என்று கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு திருத்தணி முழுக்கத் திரிகிற உங்களை நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. நான் பயிற்சி தரும் இரண்டாம் அணி இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஜெயிக்க விட்டீர்களா? கொஞ்சம் தேறிய பையன்களையெல்லாம் பிடுங்கிப்போய், ஆடவும் விடாமல் உங்கள் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு எங்கள் கோல்கீப்பர் லோகநாதனையும் கூப்பிட்டீர்கள். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவன், பஸ் ஏறி நேராக எங்களிடம் வந்தான்.

"அங்க சும்மா குந்திகினு இருக்கறதுக்கு, இங்க ஆடித் தோத்துட்டுப் போறேன் சார்" என்றான்.

தோற்கவில்லை. ஒரு பந்தையும் உள்ளே விடாமல் ஆட்டத்தைச் சமனில் முடித்தான்.

அன்று மாலையே உங்கள் அணி தோற்று, நாங்கள் ஆடும் கடைசிப் பிரிவுக்கே இறங்கிவிட்டதாக உங்கள் வீட்டிலிருந்து அக்கா போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், பாவா.

உங்கள் மச்சான்