அஞ்சலிப் பதாகையில் காட்டுக்கத்தி

அடியே,

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உன் கண்ணீர் அஞ்சலிப் பதாகையை இன்னும் யாரும் கழற்றவில்லை. இன்று காலை பஸ்ஸில் இருந்தபடி அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலையை வரிந்து கட்டி, கையில் காட்டுக்கத்தியோடு நீ முறைத்துக்கொண்டு நிற்கிறாய். தலைக்கு மேலே 'ஆத்மா சாந்தியடையட்டும்'!

எல்லாம் உன் தம்பி செய்த வேலை. உன்னிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். "அதுல அக்கா திருடி மாதிரி இருக்கு" என்று, நம் சித்திரக்கதைக்கு நான் வரைந்த அட்டைப்படத்தைப் பதாகை அச்சடிக்கும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டான்.

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டே நீ சொன்ன கதை. படம் மட்டும் என்னுடையது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மலைக்கு நடந்து வந்த கூட்டம். கூட்டிவந்த கங்காணி காய்ச்சலில் விழுந்ததும் அவர் கத்தியை வாங்கிக்கொண்டு முன்னே நடந்த ஒருத்தி. அவளுக்கு உன் முகத்தை வைத்தேன். மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லிக் கெஞ்சினாய். நான் மசியவில்லை.

கடைசிப் பக்கத்தில்தான் நமக்குச் சண்டை வந்தது. கூட்டத்தை மலையடிவாரத்தில் சேர்த்துவிட்டு அவள் சாகவேண்டும் என்றேன். படிக்கிறவர்கள் அழுவார்களே! லயத்து வீட்டு வாசலில் நின்று நீ கத்தினாய்: "ஏன் புள்ள, பொம்பள தைரியமா இருந்தா கட்டாயம் சாகணுமா? அவ்வளவு தூரம் நடந்தது சாகுறதுக்கா?"

பிறகு நோய் வந்து நீயே போய்விட்டாய். அந்தப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. உன் முகத்தைச் சாகடித்து வரையக் கை வரவில்லை. உயிரோடு வரைந்தால் அழுகை வந்தது. மனசு ரொம்பத் தேடுதடி உன்னை. நாளைக்குள் ஹட்டன் அச்சகத்தில் கொடுக்காவிட்டால் புத்தகமே இல்லை.

பஸ்ஸில் முன் சீட்டுச் சிறுமி பதாகையைக் காட்டி, "அம்மா, அந்த ராணி சண்டையில செத்துட்டாங்களா?" என்றாள். அவள் அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "இல்ல தங்கம், அவங்க நல்லபடியா ஊரு வந்து சேர்ந்துட்டாங்க."

சொல்லிவிட்டேனே! வீட்டுக்கு வந்ததும் வரைந்து முடித்தேன். மலைக்கு வந்து சேர்ந்தவள், ஒரு கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, "யாராச்சும் தண்ணி கொண்டாங்களேன்!" என்று அதட்டுகிறாள். அடுத்த கட்டத்தில் கிழவியாகிப் பேரப்பிள்ளைகளை விரட்டுகிறாள்.

உனக்கு நரைத்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் என் தலையைப் பார்த்து, என் நரையையே உனக்கு வைத்தேன்.