கோதுமை முற்றும் மாதம்

லாலா,

ஆஸ்திரேலியாவில், இந்தக் கிரான்பர்னில் இன்று காலையிலேயே பனிமூட்டம். நம் தோட்டத்தில் கொத்தமல்லியைக் கை நிறையப் பிடித்து அறுத்தபோது எழுந்த மணம் உங்களைக் கொண்டுவந்து பக்கத்துச் செடிவரியில் நிறுத்திவிட்டது, அந்தப் பழுப்புக் கம்பளித் தொப்பியோடு. இங்கே குளிர் தொடங்கும்போதுதான் ஆப்கானிஸ்தானில் உங்கள் ஊரில் கோதுமை முற்றும். போன குளிர்காலத்தில் நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மாமனார் எப்படியோ விதைத்துவிட்டார். வெட்டுகிற வயது அவருக்குத் தாண்டிவிட்டது. உங்கள் பிள்ளைகளோ அரிவாளைவிடக் கொஞ்சம்தான் உயரம். யார் வெட்டுவார்கள்? இந்தத் தோட்டத்திலேயே வேலை செய்யும் உங்கள் மச்சானும் நானும் ஒரு கிழமையாகப் பேசுவது இதே கதைதான்.

நான் படகில் வந்து, தற்காலிக விசாவோடு இங்கே சேர்ந்த நாட்கள் நினைவிருக்கிறதா? வன்னியில் நெல் வெட்டிய கை என்ற திமிர் எனக்கு. மத்தியானத்துக்குள் இடுப்பு கழன்றுவிட்டது. எல்லாரும் தேநீருக்குப் போக, நான் பாதி வரியில் குந்தியிருந்தேன். எதிர்முனையிலிருந்து ஒருவர் என் வரியை அறுத்துக்கொண்டே வந்து, கட்டுகளை என் பெட்டியில் போட்டார். அது நீங்கள். பெட்டிக் கணக்கில்தான் கூலி, அவரவர் பெட்டி அவரவருக்கு என்று மேற்பார்வையாளர் கத்தினார். நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பிடியை அறுத்தீர்கள்.

நமக்குள் இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். ஆனாலும் நீங்கள் பேசியதெல்லாம் என் ஊர்த் தமிழில்தான் எனக்கு நினைவிருக்கிறது. நான் நன்றி சொன்னதும் உங்கள் முகம் சுருங்கிவிட்டது.

"தாங்ஸ் வேண்டாம். இது அஷர். நாளைக்கு நீ வா."

உங்கள் மொழியில் அண்ணனை லாலா என்பார்கள் என்று அன்று சொல்லித்தந்தீர்கள். தம்பி என்ற சொல்லை நான் தந்தேன். அதன் பிறகு தேநீர் வேளைகளில் உங்கள் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வெங்காயத்தாள் பாத்திகளுக்கு நடுவே வந்து இறங்கியது. பனி உருகி வரும் வாய்க்கால், முறைக்காக மண்வெட்டியோடு காத்திருப்பவர்கள், கூரைமேல் காயும் முசுக்கட்டைப் பழங்கள், பின்னேரத்தில் தத்தம் வாசலைத் தாங்களே கண்டுபிடித்துத் திரும்பும் ஆடுகள். நீங்கள் சொல்லச் சொல்ல, எது தோட்டத்துப் பனி, எது உங்கள் வீட்டு ரொட்டி அடுப்புப் புகை என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது.

அறுப்பு நாளில் ஊரே கூலியில்லாமல் ஒரு வயலில் இறங்குவதுதான் அஷர். வரப்பில் மேளம் முழங்க, அந்தத் தாளத்துக்கு வரிசையாக வெட்டிக்கொண்டு போவார்களாம். வயல்காரர் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். பிறகு ஒவ்வொருவர் வயலுக்கும் அவர் தன் அரிவாளோடு போய் நிற்க வேண்டும்.

போன வருடம் இதே மாதத்தில் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இஞ்சை வந்தாப் பிறகு ஒருத்தற்றை வயலிலையும் நான் குனியேல்லை, தம்பி. என்ரை வயலுக்கு என்ன முகத்தோடை கூப்பிடுறது?" என்றீர்கள். ஆனால் ஊரார் வந்தார்கள். கைபேசியில் மேளத்தைக் கேட்டு வாய்விட்டு அழுதீர்கள். ஊருக்குப் போனதும் அத்தனை பேர் வயலிலும் வெட்டித் தீர்ப்பதாகச் சொன்னீர்கள்.

"அதுக்கு உங்களுக்கு ரெண்டு இடுப்பு வேணும், லாலா" என்றேன்.

"ஓம், ஓம்" என்று நான் பழக்கிய சொல்லாலேயே பதில் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஊருக்கு நீங்கள் போகவில்லை. ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவேயில்லை. எனக்கு இன்னும் உங்கள்மேல் கோபம்தான்.

இந்த வருடம் பயம் வேறுமாதிரி. இனி நீங்கள் அரிவாளோடு யார் வயலுக்கும் போகப்போவதில்லை என்பது உங்கள் ஊருக்குத் தெரியும். பிறகு ஏன் வருவார்கள்?

இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் மச்சான் பாத்திகளைத் தாண்டி ஓடிவந்தார். கைபேசியை என் காதில் வைத்தார். தூரத்தில் மேளம். போன வருடத்தைவிடக் கூட்டமாம். உங்கள் மனைவி சமைத்தது போதாமல் அயல்வீடுகளிலும் அடுப்பு மூட்டினார்களாம்.

"அவன் இனி வரமாட்டான் எண்டுதான் எல்லாரும் வந்தவையாம்" என்றார் மச்சான். இரண்டு பேரும் கொத்தமல்லிக்குள் நின்று அழுதோம்.

திரும்பி வந்து குனிந்தபோது காதில் மேளம் நிற்கவில்லை. அதற்கேற்பவே கை போனது. நிமிர்ந்து பார்த்தால் என் வரி எப்போதோ முடிந்திருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணின் வரிக்குள் நிற்கிறேன். அறுத்த கட்டெல்லாம் அவருடைய பெட்டியில்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்றார்.

என் முகம் சுருங்கிவிட்டது, லாலா.