ஸ்கைலாப் விழுமுன் கொடுத்த வாக்கு

தூத்துக்குடி
10.6.1979

அன்புள்ள இனிகோ அண்ணனுக்குத் தங்கை அமலோற்பவம் எழுதுவது. சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

நானும் அம்மாவும் சுகம். உங்கள் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று அம்மா தினமும் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு சினிமா.

போன சனிக்கிழமை அம்மாவைக் காலைக் காட்சிக்குக் கூட்டிப் போனேன். பழைய இங்கிலீஷ் படம். வானத்திலிருந்து எரிகிற மலை ஒன்று வந்து கடலில் விழும். அதற்கு முன்னால் போட்ட செய்திப் படத்தில், அமெரிக்காக்காரன் மேலே விட்ட ஸ்கைலாப் என்கிற விண்வெளி நிலையம் உடைந்து விழப்போகிறது என்று காட்டினார்கள். செய்தியும் கறுப்பு வெள்ளை, படமும் கறுப்பு வெள்ளை. ஒன்று முடிந்து மற்றது தொடங்கியதை அம்மா கவனிக்கவில்லை. ஊர்கள் இடிந்ததும் கப்பல் கவிழ்ந்ததும் எல்லாமே செய்தி என்று நினைத்துக்கொண்டு, “ஏளா, இனிகோ கப்பலுக்கு எத்தன புகைக்கூண்டு?” என்று என் கையைப் பிடித்தார்கள்.

என்னோடு டீச்சர் டிரெயினிங் படித்த தேவபிரசாதம் பக்கத்தில் இருந்தார். நாசரேத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். “அம்மா, அது பொம்மைக் கப்பல். தண்ணித் தொட்டியில விட்டு எடுத்திருக்காங்க” என்றார். “பொம்மைக் கப்பல்ல ஆளுக எப்பிடிய்யா கத்துதாங்க?” என்று அம்மா கேட்டார்கள். அவர் எழுந்துபோய் அம்மாவுக்குக் கலர் வாங்கி வந்தார்.

அம்மாவுக்கு நீங்களே நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை
அமலி

&nbsp;

சிங்கப்பூர்
24.6.1979

அன்புத் தங்கை அமலிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் சொல். படம் படம்தான், ஸ்கைலாப் ஸ்கைலாப்தான். அது விழுந்தாலும் எங்கள் கப்பலைத் தேடி வந்து விழாது. இனிமேல் அம்மாவை இப்படிப்பட்ட படத்துக்கு அழைத்துப் போகாதே.

அந்த வாத்தியார் யார்? தற்செயலாகத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாரா?

இங்கே எங்கள் கப்பலில் மணப்பாட்டு மரியான் இருக்கிறான். செகண்ட் இன்ஜினியர். குடிக்க மாட்டான், கோவிலுக்குப் போகிறவன். உன் போட்டோவைப் பார்த்திருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பேசலாம் என்றிருக்கிறேன்.

அடுத்து ஆஸ்திரேலியா, ஃப்ரீமாண்டில் துறைமுகம்.

அண்ணன்
இனிகோ

&nbsp;

தூத்துக்குடி
9.7.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே ஊரே ஒரு நிலையில் இல்லை. புதன்கிழமை விழும் என்று ரேடியோ சொல்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறது. கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை தெரு வரைக்கும் நிற்கிறது. ஏரலில் வளர்த்த ஆட்டையெல்லாம் அறுத்துத் தின்கிறார்களாம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பிள்ளைகள் “டீச்சர், வீட்டுப்பாடம் எழுதணுமா?” என்று கேட்கிறார்கள்.

ஃப்ரீமாண்டில் எங்கே இருக்கிறது என்று காட்ட தேவபிரசாதம் அட்லஸ் கொண்டு வந்தார். நடுவில் அவ்வளவு கடலைப் பார்த்ததும் அம்மா அட்லஸை மூடிவிட்டார்கள். அவர் போன பிறகு, “இந்தத் தம்பி ஏன் நம்ம வீட்டுக்கே வாரான்?” என்றார்கள். உள்ளதைச் சொல்லிவிட்டேன் அண்ணே. தற்செயலாக அவர் வந்து உட்காரவில்லை. நாம் கத்தோலிக்கர், அவர் சி.எஸ்.ஐ. சபை என்பதையும் மறைக்கவில்லை.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, “புதங்கிழமைக்குப் பொறவு யாரு இருக்கா, யாரு இல்ல. வேதம் வேறன்னா என்ன, தலையில விழப்போறது ஒரே வானம்தான?” என்றார்கள். மறுநாளே பஸ் ஏறி நாசரேத்துக்குப் போய், அவருடைய அம்மா தேவகனியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் இருக்கிறேன். நீங்கள் பத்திரமாக இருங்கள்.

அமலி

&nbsp;

தூத்துக்குடி
15.7.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

அது உங்கள் பக்கம்தான் விழுந்தது என்கிறார்கள். கப்பலுக்கு ஒன்றும் இல்லை என்று ஏஜெண்டு ஆபீசில் சொன்ன பிறகுதான் அம்மா சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும், “அது சாவப்போற நேரத்துல சொன்ன வார்த்த. இப்பதான் யாரும் சாவலையே” என்றார்கள்.

நேற்று தேவகனி அம்மா தேதி கேட்க வந்தார்கள். அம்மா காப்பி கொடுத்து, சீலா மீன் விலையைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டார்கள். வாக்கு இருக்கிறதா, இல்லையா? நீங்களாவது சொல்லுங்கள்.

அமலி

&nbsp;

ஃப்ரீமாண்டில்
24.7.1979

அமலிக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. படித்துவிட்டு உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் திட்டி எழுத உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை.

புதன்கிழமை யாரும் மேல்தளத்தில் நிற்க வேண்டாம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். வானத்தில் வெளிச்சம் போனதாகச் சிலர் சொன்னார்கள். சிவப்பு என்றான் ஒருவன், நீலம் என்றான் ஒருவன். நான் பார்க்கவில்லை. உள்ளே மரியானும் நானும் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தோம். ஜெபமாலையை எத்தனை தடவை உருட்டினேன் என்று எனக்கே தெரியாது. “உயிரோட கரைக்குப் போனா என் தங்கச்சி ஒனக்குத்தாம்லே” என்று அவன் கையில் அடித்துச் சொல்லிவிட்டேன்.

கரை சேர்ந்த மறுநாளே அவன் வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டான். இப்போது என்னை மச்சான் என்று கூப்பிடுகிறான். அம்மா வாக்கு முந்தியதா, என் வாக்கு பெரியதா, ஒன்றும் புரியவில்லை. நான் வரும் வரைக்கும் யாருக்கும் எதுவும் சொல்லாதே.

இனிகோ

&nbsp;

தூத்துக்குடி
6.8.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று மாதா திருவிழா நல்லபடியாக முடிந்தது. உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, “அவனும் பயந்துட்டானா?” என்றார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, “நீ என்னளா சொல்லுத?” என்றார்கள். இத்தனை நாளில் அப்படி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை அண்ணே.

அம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். அம்மா பயந்துபோய் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தார்கள். நீங்கள் பயந்துபோய் இன்னொருவருக்குக் கொடுத்தீர்கள். நான் தேவபிரசாதத்திடம் சரி என்று சொன்னது போன வருஷம், பாளையங்கோட்டையில், பரீட்சை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது. அப்போது ஸ்கைலாப் என்ற பேரையே நான் கேட்டதில்லை. எதற்கும் பயந்து அதைச் சொல்லவில்லை.

அம்மா சீலையை மாற்றிக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போய்விட்டார்கள். சபை வேறு என்பதால் ஆயரிடம் அனுமதி கேட்டு எழுதியாகிவிட்டது. வந்ததும் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். இப்போதும் அம்மா காலையில் சம்மதம் என்கிறார்கள், மத்தியானம் அழுகிறார்கள். அழுதுகொண்டே கல்யாணச் சீலைக்கு என்ன நிறம் என்று கேட்கிறார்கள்.

மரியான்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருக்கு நானே எழுதி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது. பிரிக்காமல் அவர் கையில் கொடுங்கள்.

கோபம் தீர்ந்தால் கல்யாணத்துக்கு வாருங்கள். தீராவிட்டாலும் வாருங்கள், என்னைக் கோவிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப் போக எனக்கு வேறு அண்ணன் இல்லை.

உங்கள்
அமலோற்பவம்