ஜீப்பில் ஏற மறுத்த ராசாத்தி

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு, சண்டை போட ஆளில்லாமல் மொரப்பூரே சப்பென்று கிடக்கிறது. நர்சம்மா இல்லாவிட்டால் மலை மருத்துவ முகாம் நின்றுவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிற்கவில்லை. போன வாரம்கூட சித்தேரிக்குப் போய் வந்தோம். உங்கள் இடத்தில் தேவி என்று ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். ஜீப்பை இன்னும் மாதுதான் ஓட்டுகிறார். நான் வழக்கம்போல மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து போனேன். என் கதைகள் பாதிக்கு மேல் அந்த இடுக்கில் பிறந்தவைதானே.

அதில் ஒரு கதைக்காகத்தானே நமக்குள் தீராத சண்டை? சித்தேரிக் குப்பம்மாவைப் பிரசவ வலியோடு நீங்கள் மலையிலிருந்து இறக்கினீர்கள். நானும் கூட இருந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் பெயரை மாற்றி எழுதி, பாதி மலையில், ஒரு வளைவில், ஜீப்பிலேயே அவளைச் சாகடித்தேன். படித்துவிட்டு, "நல்லா இருக்கறவள எதுக்குடி கொன்ன?" என்று கேட்டீர்கள். அவள் உயிரோடு இறங்கிவிட்டால் படிக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள், அந்த மோசமான மலை ரோட்டைப் பற்றி யார் கேட்பார்கள் என்று பதில் சொன்னேன். இன்றைக்கும் அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் மீதியைக் கேளுங்கள்.

போன வாரம் நல்ல மழை. மலைப்பாதையில் மண் சரிந்து 108 வண்டி ஏற முடியவில்லை. நம் ஜீப் மட்டும் எப்படியோ ஓரமாக ஏறிப் போய்விட்டது. முகாமை முடித்துக் கிளம்பும் நேரத்தில் ராசாத்தி என்ற பெண்ணுக்கு வலி வந்தது. தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று தேவி சொல்லிவிட்டாள். மண் சரிந்த இடத்துக்குக் கீழே 108 காத்திருந்தது. அதுவரை ஜீப்பில் கொண்டுபோனால் போதும்.

ராசாத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டேன் என்றாள். அவள் அம்மா அழுதாள். புருஷன் திட்டினான், பிறகு கெஞ்சினான். ஏன் இப்படிப் பண்ணுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

ராசாத்தி அரூரில் காலேஜ் படித்தவள் அக்கா. என் கதை அவளுக்குப் பாடமாக இருந்திருக்கிறது. எழுதியவள் எதிரிலேயே நிற்கிறாள் என்று தெரியாமல் என்னிடமே சொன்னாள்: "அந்தக் கதையில அவங்க ஜீப்புலயே செத்துடுவாங்கங்க. அது எந்த வளைவுன்னு எனக்குத் தெரியும்."

மேடை மேடையாகக் கைதட்டல் வாங்கிய கதை, அந்தப் பெண்ணின் உயிருக்குக் குறுக்கே நின்றது. நான்தான் அதை எழுதினேன், அந்த முடிவு கற்பனை, அந்தம்மா நன்றாக இருக்கிறாள் என்று பதறிப்பதறிச் சொன்னேன். தன்னை வண்டியில் ஏற்றுவதற்காக நான் சும்மா சொல்கிறேன் என்றாள். நான் எழுதியதை நம்பியவள், நேரில் சொன்னதை நம்பவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் குப்பம்மா வீட்டுக்கு ஓடினேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். வரும் வழியிலேயே மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நிமிஷம் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னையவா சாவடிச்சீங்க?"

நான் தலையாட்டினேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நேராகப் போய் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, ராசாத்தியிடம் கையை நீட்டினாள். "அது நான்தான் புள்ள. செத்தவளாட்டமா இருக்கறேன்? ஏறு."

ராசாத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வலி வந்தது. அது தணிந்ததும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வளைவு வந்தபோது ராசாத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள், குப்பம்மா அவள் தலையை மடியில் அணைத்துக்கொண்டாள். மண் சரிந்த இடத்தில் வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. மாது சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நானும் உங்கள் மாதாவை வேண்டிக்கொண்டேன், சிரிக்காதீர்கள். 108 வண்டி கண்ணில் பட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ராசாத்தியை அதில் மாற்றி ஏற்றினோம். கூட ஏறப்போன குப்பம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்கம்மா, வேணாங்கல. ஆனா கீழ எறங்கற வரைக்கும் எழுதுங்க. எங்கள நடுவழியில வுட்டுட்டுப் போயிடாதீங்க."

அரூரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, தாயும் நலம். ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் செய்தியைக் கேட்டதும் உங்களுக்குப் போன் போடக் கை போனது. அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அச்சில் இருக்கும் அந்தக் கதை இருக்கட்டும், அதை மாற்ற மாட்டேன். ஆனால் அந்த வளைவிலிருந்து அடிவாரம் வரைக்கும் மீதிப் பாதையை எழுதப்போகிறேன். எழுதி முடித்ததும் மலைக்கு எடுத்துப்போய், குப்பம்மாவும் ராசாத்தியும் கேட்கப் படித்துக்காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன். பிழைத்து இறங்குகிறவளை வைத்தே இனி ரோடு கேட்கிறேன் அக்கா. இது சத்தியம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
வசந்தா