சிவப்புத் துண்டும் பங்குனி ஆமையும்

அன்பு நிறைந்த ஸ்டெல்லா அக்கா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஸ்டாஃப் ரூமில் உங்கள் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. நான் மட்டும் என் டிபன் பாக்ஸை அதில் வைக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே?

குரோம்பேட்டையிலிருந்து கடல் கண்ணுக்கே தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் சத்தத்தில் அலைச்சத்தத்துக்கு எங்கே இடம்? அப்படிப்பட்ட ஊரில், நம் பள்ளியில், கடல் மன்றம் தொடங்கினீர்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கோவளம் பக்கத்துக் கடலைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கச் சொல்லிப் பிள்ளைகளே அரசிடம் மனு கொடுக்க வேண்டும் என்றீர்கள்.

பேச்சுப்போட்டி என்றால் நாங்கள் எல்லாம் எழுதிக் கொடுத்து, எந்த வரியில் கையைத் தூக்குவது என்பதுவரை மனப்பாடம் செய்ய வைப்போம். நீங்களோ தோளில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு மீனவராக மாறி, பேச வந்த பிள்ளையிடமே சண்டைக்கு நிற்பீர்கள். "இன்னா கண்ணு, நான் வலை போடுற எடத்துக்கு நீ பூட்டு போடுவியா? என் வூட்ல அடுப்பு எப்டி எரியும்?" பிள்ளை திருதிருவென முழிக்கும். "போ, யோசிச்சுட்டு வா" என்பீர்கள். உங்களைப் போல ஒரு டீச்சரை நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் போனதும் மன்றத்தை மூடிவிடலாம் என்றார் ஹெச்.எம். கணக்கு டீச்சரான நான்தான் அவசரக் குடுக்கையாக, நான் நடத்துகிறேன் என்றேன். "மனுவை வாங்க வனத்துறை அதிகாரி வர்றார். அவர் மதிச்சா மன்றம் இருக்கட்டும்" என்றார்.

துண்டைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மிஸ், உங்களுக்குக் கோபமே வரல. நிஜமாவே திட்டுறவங்ககிட்ட போலாம்" என்றாள் ஒன்பதாம் வகுப்பு ரோஷிணி. போனோம். கோவளத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் உங்களைவிட நன்றாகவே திட்டினார். ரோஷிணி அசரவில்லை. "சரிண்ணா, ஆமை எந்த மாசம் வலையில மாட்டுது? அப்போ பெரிய போட்டை மட்டும் நிறுத்தினா உங்களுக்கு நஷ்டமா?" என்று கேட்டாள். அவர் நகர்ந்து அவளுக்கு உட்கார இடம் கொடுத்தார். சாயங்காலம்வரை பேச்சு ஓயவில்லை.

அதிகாரி வந்த அன்று எடுத்த எடுப்பிலேயே, "மீனவங்க இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?" என்றார்.

"பாதிப் பேர் ஒத்துக்கல சார்" என்றாள் ரோஷிணி. "ஏன் வேணாங்கறாங்கன்னும் மனுவுல எழுதியிருக்கோம். அவங்ககிட்ட பேசாம நீங்க அறிவிக்கக் கூடாது."

அதிகாரி மனுவைப் புரட்டி அந்தப் பக்கத்தைப் படித்தார். "அப்போ அடுத்த கூட்டத்தைக் கரையிலயே வெச்சுக்கலாம். நீங்களும் வரணும்" என்றார். முதலில் கைதட்டியது ஹெச்.எம்.தான், நம்புவீர்களா? நான் அழுதுவிட்டேன்.

கடல் இன்னும் பாதுகாப்புப் பகுதி ஆகவில்லை. ஆகுமா என்றும் தெரியவில்லை. ஆனால் மன்றம் இருக்கிறது. நேற்று ரோஷிணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம், "இன்னா கண்ணு" என்று ஆரம்பித்தாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை முழித்த முழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கரையில் கூட்டம் நடக்கிற அன்று மீனவர்கள் பக்கம் உங்களுக்கும் ஒரு நாற்காலி போடுவேன், அக்கா. துண்டை அதில் விரித்து வைப்பேன். சத்தியமாக, டிபன் பாக்ஸை வைக்க மாட்டேன்.

பக்கத்து நாற்காலித் தங்கை,
பாத்திமா