கூழைக்கடாவின் கழுத்து

போர்ட் ஹெஸ்லிங்
மார்ச் 3

அன்புள்ள கிளென்,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் அதை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்து, "என்னம்மா, உங்க அண்ணன் நங்கூரம் அனுப்பியிருக்காரா?" என்று கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். செம்புக் குழாய் என்று சொன்னதும், "பிளம்பர் வீட்ல பொறந்தா இதுதான் சீதனமா?" என்றார். எலுமிச்சை சாறு கொடுத்து அனுப்பினேன்.

நாம் போனில் பேசினால் பத்தாவது நிமிடம் அம்மாவின் வீட்டை விற்றதில் போய் முட்டிக்கொள்கிறோம். அதனால் இப்படியே இருக்கட்டும். நீ பெட்டிக்குள் ஒரு கடிதம் வை, நான் பதில் போடுகிறேன். கடிதத்தில் குரல் உயராது.

உன் குழாய்களில் கூழைக்கடா செய்கிறேன். இங்கே படகுத்துறையில் நிற்குமே, மீன் குடலுக்கு அடித்துக்கொண்டு, அதே ஆசாமிதான். குழாயைச் சூடாக்கித் தட்டினால் உடம்பும் அலகும் வந்துவிடும். கழுத்துக்கு எல்போ என்கிற அந்த முழங்கைத் துண்டுதான் பொருத்தம், கடவுளே வளைத்துக் கொடுத்த மாதிரி. சனிக்கிழமைச் சந்தையில் ஆறு போயிற்று. இந்த ஊரில் ஏழாவது கல்யாண நாளுக்குச் செம்பில்தான் பரிசு கொடுப்பார்கள், தெரியுமல்லவா? ஏழு வருடம் முன்னால் இந்த ஊரில் எல்லோரும் சேர்ந்து கல்யாணம் செய்துகொண்டிருப்பார்கள் போலிருக்கிறது, அவ்வளவு ஆர்டர்.

வேடிக்கைக்காகச் செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். இந்த ஊரில் பிள்ளை பெற்றால் தடுப்பூசி அட்டையோடு இன்னொரு அட்டையும் கொடுப்பார்கள், ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று குறித்து வைக்க. ஹேட்டிக்கு ஒரு வயது முடிந்ததும் விரலில் குத்திப் பார்த்தார்கள். ஆறு. ஐந்துக்குள் இருக்க வேண்டும். காரீய உருக்காலையின் புகைபோக்கியைச் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், வேறு எப்படி இருக்கும்?

போய்விடலாம் என்றால் ஜேரட் சிரிக்கிறான். "நான் இங்கயே பொறந்து வளர்ந்து இதே உருக்காலைல வேலை பாக்கறேன். எனக்கு என்ன ஆச்சு?" "அதைத்தான் நானும் கல்யாணத்திலேர்ந்து யோசிச்சிட்டிருக்கேன்" என்றேன். கிறிஸ்துமஸுக்குள் உன் பக்கம் வந்துவிட வேண்டும், கிளென். லாரி வாடகையைக் கூழைக்கடாக்கள் கொடுக்கும்.

நேர்க்குழாய் போதும். எல்போவும், மூன்று வாய் உள்ள டீ இணைப்பும் அனுப்பு. கழுத்தில்லாத பத்து உடம்புகள் ஜன்னலோரம் காத்திருக்கின்றன, பார்க்கவே பாவமாக இருக்கிறது.

உன் தங்கை,
டீகன்


லான்செஸ்டன்
மார்ச் 19

டீகன் குட்டிக்கு,

கழுத்துக் கேட்டாய், இதோ ஒரு பெட்டிக் கழுத்து. பழைய மாணவர் விடுதி ஒன்றை இடிக்கிறார்கள், குழாயெல்லாம் எங்கள் கையில். ஐம்பதுகளில் போட்டது. செம்பு என்றால் அது செம்பு. இப்போது வருவதெல்லாம் சாக்லேட் காகிதம்.

ரம்பத்தால் அறுத்துக்கொண்டு கிடக்காதே. இணைப்பில் காஸ் டார்ச்சின் தீயைக் காட்டு. குழாயை ஒட்டியிருக்கும் பற்று இளகி மணிமணியாக ஓடும்போது இழுத்தால் கழன்று வந்துவிடும். ஆறுவதற்குள் துணியால் ஒரு துடைப்பு. மிச்சம் ஒட்டியிருப்பதை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். எல்போவாகவே அனுப்புகிறேன், நேர்க்குழாயை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

பின்னறையைக் காலி செய்துவிட்டேன். என் முதலாளிக்கு லாரி ஓட்ட ஆள் வேண்டும். "உங்க மச்சான் குடிப்பாரா?" என்றார். "குடிப்பான், ஆனா திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுவான்" என்றேன். "அப்ப என்னைவிட நல்லவன்" என்றார். ஜேரட்டிடம் சொல்.

ஹேட்டியின் கன்னத்தை எனக்காகக் கிள்ளு. ஆறு ஒன்றும் பெரிய எண் இல்லை.

கிளென்


போர்ட் ஹெஸ்லிங்
ஜூன் 8

அன்புள்ள கிளென்,

பதினொன்று.

நர்ஸ் மார்லீன் அட்டையில் எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தாள். "மண்ணுல விளையாடறாளா?"

"இல்ல."

"வீட்டைக் கூட்டறியா, துடைக்கறியா?"

"தினம் ரெண்டு தடவை ஈரத் துணியால துடைக்கறேன். விளக்குமாத்தைத் தொடறதே இல்ல."

"மேல்காத்து அடிக்கறப்ப ஜன்னல்?"

"மூடித்தான் இருக்கு. நான்தான் மூச்சு முட்டிச் சாகறேன்."

அவள் சிரித்தாள். பிறகு, "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?" என்றாள். நான் சொன்னதும் சிரிப்பு நின்றது.

நான் படித்தவள், கிளென். கல்லூரியில் உயிரியல் படித்துவிட்டு இப்போது என் வீட்டின் மூலை முடுக்கில் எதிரியைத் தேடிக்கொண்டு தவழ்கிறேன். ஜேரட்டின் பூட்ஸ் வாசலைத் தாண்டுவதில்லை. வேலை உடையைப் பின்னால் கொட்டகையில் அவிழ்த்துவிட்டு, இந்த ஜூன் மாதக் குளிர்காலத்தில், குழாயடியில் குளித்துவிட்டு வருகிறான். அதற்கப்புறமும் ஹேட்டியைத் தூக்க விடுவதில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டுகிறாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாய் மாதிரிக் குரைத்துக் காட்டுகிறான். அவள் சிரித்துவிடுகிறாள். நான் உள்ளே போய்விடுகிறேன்.

ஒரே ஆறுதல், துணி துவைக்கும் அறை. உருக்காலைப் பக்கம் ஜன்னலே இல்லாத அறை இந்த வீட்டில் அது ஒன்றுதான். என் பட்டறையை அங்கே மாற்றிக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டால் ஊர்த் தூசி ஒரு பொட்டு வராது. நான் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்க, ஹேட்டி என் காலடியில் உட்கார்ந்து இரண்டு எல்போக்களைத் தட்டித் தட்டிப் பாட்டு வாசிக்கிறாள். பகலில் பாதி நேரம் அங்கேதான் இருக்கிறோம்.

இருபத்தெட்டுக் கூழைக்கடாக்கள் போய்விட்டன. இன்னும் கழுத்து வேண்டும். வேகமாகச் செய்கிறேன். வேகமாகச் செய்தால் வேகமாகக் கிளம்பலாம்.

டீகன்


லான்செஸ்டன்
ஜூன் 20

டீகன்,

ஜேரட்டைப் போட்டு வதைக்காதே, ஆனால் பூட்ஸ் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. அந்த ஊரே ஒரு விஷக் கிண்ணம். கிறிஸ்துமஸ்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஆகஸ்டில் வா.

இந்தப் பெட்டியில் எழுபது எல்போ. ராத்தல் கணக்கில் என் முதுகு உன்னைச் சபிக்கிறது.

கிளென்


போர்ட் ஹெஸ்லிங்
செப்டம்பர் 7

கிளென்,

பத்தொன்பது.

மார்லீன் இயந்திரத்தில் கோளாறாக இருக்கலாம் என்று சொல்லிக் கை நரம்பிலிருந்து ஊசியால் மறுபடி ரத்தம் எடுத்தாள். அதிலும் பத்தொன்பது. ஹேட்டிக்கு ஒன்றரை வயது. "மா" என்பாள், "பா" என்பாள், சுண்டைக்காய் அளவு ஒரு "நாய்" சொல்வாள். இப்போது "நாய்" வருவதில்லை. எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான், சொன்னதை மறந்து வேறு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். நான் நாள் முழுக்க ஜன்னல் கண்ணாடிக்குள்ளிருந்து தெருவில் போகும் நாய்களைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் வரச் சொன்னாய். ஜேரட் வேலை ஒப்பந்தத்தை டிசம்பரில்தான் முடிக்க முடியும், நடுவில் விட்டால் எதுவும் கைக்கு வராது. அன்றைக்கு அவனிடம் சொல்லிவிட்டேன்: "நீ இங்க இருக்கற வரைக்கும் எண் ஏறிட்டேதான் இருக்கும்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லு டீகன். தோலை உரிச்சு வெச்சிட்டு வரவா?"

"உன் ஃப்ரெண்டு வீட்ல போய் இரு. அடுத்த டெஸ்ட் வரைக்கும்."

அவன் சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. ஒரு பையில் நாலு சட்டையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று ஹேட்டிக்குக் கை காட்டினான். அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு அந்த இடத்தையும் துடைத்தேன்.

அடுத்த வாரம் மார்லீன் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு இடமாகத் துடைத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறாள். எங்கிருந்து வருகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதித் தருவார்கள். தெரிந்துவிட்டால் போதும்.

டீகன்


போர்ட் ஹெஸ்லிங்
செப்டம்பர் 30

கிளென்,

காகிதம் வந்துவிட்டது.

வாசல், குறைவு. சமையலறை ஜன்னல், இந்த ஊருக்கு மிகக் குறைவு. ஜேரட் உடை மாற்றும் கொட்டகை, பரவாயில்லை. துணி துவைக்கும் அறையின் தரைக்கு நேராக ஒரு எண் இருக்கிறது. அதை இங்கே எழுத என் கை வரவில்லை. என் பட்டறைப் பலகைக்கு அதைவிட அதிகம். துவைக்கும் இயந்திரத்துக்குள்ளேயும். துடைத்த துணிகளை ஹேட்டியின் உடுப்போடு சேர்த்துத்தானே போட்டேன்.

மார்லீன் ஒரு எல்போவைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தாள். வாய்ப்பக்கத்தில் சாம்பல் நிறமாக ஒரு வளையம் இருக்குமே, அதைக் காட்டினாள். "இது என்னது?"

"பழைய பற்று. அதைத்தான் சூடு காட்டிக் கழட்டறேன், அப்புறம் தேய்ச்சு எடுக்கறேன்."

"எவ்ளோ பழசு?"

"ஐம்பதுகள்ல போட்டதுன்னு எங்கண்ணன் சொன்னான்."

அவள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினாள். செத்த எலியை எடுத்துப் போவது மாதிரி இருந்தது. கூழைக்கடா வாங்கினவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தி என் கண் முன்னாலேயே அதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

ஜேரட்டிடம் சொல்லப் போனேன். அவன் நண்பனின் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

"அப்போ என் பூட்ஸ் இல்ல."

"இல்ல."

"நாலு மாசமா என் பொண்ணைத் தூக்கல டீகன் நான்."

கத்தியிருக்கலாம். காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அந்தப் பற்றில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

டீகன்


லான்செஸ்டன்
அக்டோபர் 9

டீகன்,

ஐந்து முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான்.

தெரியும். எந்தப் பிளம்பருக்கும் தெரியும். பழைய பற்றில் பாதி காரீயம். குடிதண்ணீர்க் குழாயில் அதை இப்போது யாரும் வைப்பதில்லை, வைத்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். போன மாதம்கூடப் புதிதாகச் சேர்ந்த ஒருவனை அதற்காகத் திட்டினேன்.

மீதியையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன். காயலான் கடைக்காரன் பற்று ஒட்டிய துண்டைக் கழித்துவிடுவான், சுத்தமான செம்புக்குத்தான் மதிப்பு. நேர்க்குழாயை அவனிடம் போட்டேன். அவன் கழித்ததை உனக்கு அனுப்பினேன். நீ எல்போ கேட்டாய், என்னிடம் எல்போ கிடந்தது, தங்கைக்கு உதவுகிறோம் என்று சந்தோஷமாக இருந்தேன். தண்ணீர் ஓடாத குழாயில் பற்று இருந்தால் என்ன என்றுகூட நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அது ஒரு தப்புக் கணக்கு என்றாவது சொல்லலாம். யோசிக்கவே இல்லை.

பதினொன்று என்று நீ எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டுக் கீழே போய் எழுபது எல்போவை எண்ணிப் பெட்டியில் போட்டேன். இரண்டும் இந்த ஒரே மண்டைக்குள்தான் இருந்தன, டீகன். ஒன்றை ஒன்று சந்திக்கவில்லை.

நீங்கள் வர வேண்டாம் என்றால் நான் அங்கே வருகிறேன். தரையைப் பெயர்க்கிறேன், சுவரைக் கழுவுகிறேன். என்ன வேலை என்றாலும் சொல். திட்டியாவது எழுது.

கிளென்


போர்ட் ஹெஸ்லிங்
டிசம்பர் 4

கிளென்,

உன் நான்கு கடிதங்களும் வந்தன. படித்தேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது கோபத்தால் அல்ல. கோபம் இருந்திருந்தால் மறுநாளே எழுதியிருப்பேன்.

நகராட்சியிலிருந்து முகமூடி போட்ட ஆட்கள் வந்து துணி துவைக்கும் அறையைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். நேற்று ஹேட்டிக்குப் பரிசோதனை. பதினான்கு. இறங்கியிருக்கிறது. மார்லீன் என் தோளைத் தட்டினாள். நானும் சிரித்தேன்.

பெரிய ஊரிலிருந்து வந்திருந்த குழந்தை மருத்துவரிடம், இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டேன். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. "ரத்தத்துல இறங்கும். ஏற்கெனவே செஞ்சுட்டுப் போனது என்னன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. பள்ளிக்கூடம் போறப்ப பார்க்கலாம். அப்பவும் இதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது." அதாவது இனிமேல் அவள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாலும், ஒரு வார்த்தைக்குத் தடுமாறினாலும், கோபத்தில் ஒரு பொம்மையை வீசினாலும் நான் இந்த வருடத்தைத்தான் நினைப்பேன். அவளுக்கு இருபது வயது ஆனாலும். "நாய்" இன்னும் வரவில்லை. "மா"வும் நின்றுவிட்டது.

ஜேரட் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போகிறான். திரும்பக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டான். நாங்கள் எங்கேயும் வரவில்லை.

உன்மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அந்த வளையத்தைத் தேய்த்தது என் கை. காலடியில் அவளை உட்கார வைத்தது நான். படித்தது நான். உன்னை நினைக்கும்போதெல்லாம் என்னைத்தான் பார்க்கிறேன், அதனால்தான் உன்னைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு நீ எழுதும் ஒவ்வொரு கடிதமும் எனக்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்பது மாதிரி இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். இங்கே வராதே. இனிமேல் எழுதவும் வேண்டாம்.

நேற்று அட்டை நிரம்பிவிட்டது என்று மார்லீன் புது அட்டை போட்டாள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அம்மா, அப்பா எல்லாம் எழுதினாள். அதற்குக் கீழே, அம்மாவும் அப்பாவும் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது.

"பழசுல உங்கண்ணன் பேர் இருக்கு. அதையே எழுதிடவா?" என்றாள்.

"வேண்டாம்."

"வேற யாரு?"

எனக்குப் பின்னால் மூன்று பெண்கள் குழந்தைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஹேட்டி விரலில் ஒட்டிய பஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். மார்லீன் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அவளே அந்த வரியில் ஒரு கோடு போட்டுவிட்டு, அட்டையை என்னிடம் நீட்டினாள்.

டீகன்